மூழ்கி எழுந்த படகை வாங்கலாமா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது தென்னைகளோடு படகுகளும் போயின. மல்லிப்பட்டினம் துறைமுகத்தில் கட்டிக் கிடந்த விசைப்படகுகள் ஒன்றோடொன்று மோதி உடைந்தன. பல அங்கேயே தரைதட்டி மூழ்கின. கோடியக்கரை, புஷ்பவனம், ஆற்காட்டுத்துறைக் கரைகளில் ஃபைபர் படகுகள் சேற்றுக்குள் புதைந்து கிடந்தன. காற்று அடங்கிய பிறகு கிரேனும் ஜேசிபியும் வந்து தூக்கின. நடுவில் முறிந்தவை விறகுக்கும் பழைய இரும்புக்கும் போய்விடும். முறியாமல் எழுந்தவை சேறு கழுவப்பட்டு, ஓட்டை அடைக்கப்பட்டு, புது பெயின்ட் பூசிக்கொண்டு, சில மாதங்களில் வேறொரு ஊரில் விலைக்கு வந்து நிற்கும். பெரிய புயல் அடித்த எந்தக் கடற்கரையிலும் இதுதான் நடக்கிறது.

விலை கேட்டால் ஆசை வரும். புதிதாக ஒரு படகு கட்ட ஆகும் பணத்தில் ஒரு பங்குக்கு, பார்க்க முழுசாக இருக்கும் ஒரு படகு கிடைக்கிறது. வாங்க நினைப்பவர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, "எத்தனை நாள் தண்ணிக்குள்ள கெடந்துச்சு?" கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது: "தூக்கின அன்னைக்கு என்ன செஞ்சீங்க?" படகு கெடுவதில் பெரும்பகுதி நீருக்கடியில் நடப்பதில்லை, மேலே வந்த பிறகே நடக்கிறது. இதை நம்புவது முதலில் கடினம். இப்படி நடக்கக் காரணம் ஆக்சிஜன்.

வெதுவெதுப்பான நம் கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 6 அல்லது 7 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அதே ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் இருக்கிறது, ஏறத்தாழ 40 மடங்கு. இரும்பு துருப்பிடிக்க நீரும் வேண்டும், ஆக்சிஜனும் வேண்டும். மூழ்கிக் கிடக்கும் இன்ஜினுக்குள் நீர் நிறைய இருக்கிறது. ஆனால் அசைவில்லாத அந்த நீரில் இருந்த கொஞ்ச ஆக்சிஜன் சீக்கிரம் செலவாகிவிடும், புதிதாக வந்து சேர்வது மெதுவாகத்தான். சேற்றுக்குள் புதைந்த பகுதியில் அதுவும் கிடையாது. படகு மேலே வந்து நீர் வடிந்ததும் நிலைமை தலைகீழாகிறது. சிலிண்டர் சுவரிலும் பேரிங்கிலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் ஒட்டியிருக்கிறது, அதன் மேல் முழுக் காற்று. ஆக்சிஜன் அந்தப் படலத்தை நொடியில் கடந்து இரும்பைத் தொட்டுவிடும். காலையில் பளபளவென்று வெளியே வந்த கிராங்க் மறுநாள் காலை செம்மண் நிறத்தில் இருப்பது இதனால்தான்.

மரத்துக்கும் இதே கதைதான். அதற்கு உலகமறிந்த சாட்சி ஸ்வீடனின் வாசா கப்பல். 1628-ல் முதல் பயணத்திலேயே ஸ்டாக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கி, 333 ஆண்டுகள் அடியில் கிடந்து, 1961-ல் தூக்கப்பட்டபோது பெரும்பாலும் முழுசாகவே வந்தது. மரத்தை அழுக வைக்கும் பூஞ்சைக்கு மூச்சுவிடக் காற்று வேண்டும். நீர் முழுக்க ஊறிய மரத்துக்குள் அதற்கு இடமில்லை. பால்டிக் கடலில் உப்பு குறைவு என்பதால் மரம் துளைக்கும் கப்பல்புழுவும் அங்கே இல்லை. அந்தக் கப்பலுக்குச் சோதனை மேலே வந்த பிறகுதான் தொடங்கியது. மரம் காய்ந்து வெடிக்காமலிருக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுபோன்ற பொருளின் கரைசலை 1962 முதல் 1979 வரை அதன் மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு 2000-ல் மரத்தின் மேல் மஞ்சளும் வெள்ளையுமாகத் திட்டுகள் தோன்றின. துறைமுகத்தின் அசுத்த நீரிலிருந்து மரத்துக்குள் ஊறியிருந்த கந்தகம், துருப்பிடித்த இரும்பு ஆணிகளின் துணையோடு காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாக மாறிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான இரும்பு போல்ட்டுகளைக் கழற்றிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகில் புதிது போட வேண்டியதாயிற்று. 300 ஆண்டு நீர் செய்யாததை 40 ஆண்டுக் காற்று செய்தது.

நம் கடலில் வேறொரு தொல்லை கூடுதலாக இருக்கிறது: உப்பு. சாப்பாட்டு உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். நாகப்பட்டினத்திலோ பாம்பனிலோ காற்று அந்த அளவுக்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே கடலில் மூழ்கிய படகை வெயிலில் வைத்து எத்தனை நாள் காயவைத்தாலும், உப்பு இருக்கும்வரை அது காயவில்லை என்றே பொருள். பகலில் வெள்ளைப் பொடியாகத் தெரிவது அந்தி சாய்ந்ததும் மறுபடி உப்புநீராகிவிடும். போதாக்குறைக்கு அதிலுள்ள குளோரைடு அயனி, அலுமினியமும் துருப்பிடிக்காத எஃகும் தம்மைக் காத்துக்கொள்ளப் போர்த்தியிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலத்தை ஓரிடத்தில் கிழித்து, அங்கேயே குழி தோண்டும். மேலே ஊசிமுனைப் புள்ளி, உள்ளே ஆழமான குழி. கண்ணுக்கு அது தெரியாது.

அதனால் "நல்லா வெயில்ல காயவெச்சுட்டோம்" என்று விற்பவர் சொன்னால் அது நல்ல செய்தி ஆகாது. அவர் உப்பைக் கழுவவில்லை, உள்ளேயே காய்ச்சிச் செறிவாக்கியிருக்கிறார். சொல்ல வேண்டிய பதில் வேறு: தூக்கிய உடனே நல்ல தண்ணீரை நிறைய விட்டு உள்ளும் புறமும் கழுவினோம், நாசில்களைக் கழற்றி, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, சிலிண்டரிலிருந்த நீரை வெளியேற்றினோம், டீசலை ஊற்றி மிச்ச ஈரத்தையும் துரத்தினோம், ஆயிலை இரண்டு மூன்று முறை மாற்றி, அன்றே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கினோம். மெக்கானிக் அன்று கிடைக்கவில்லையா? வெளிப்பொருத்து இன்ஜினாக இருந்தால், நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்முக்குள் அதை மூழ்க வைத்து ஆள் வரும்வரை காத்திருப்பதே சரி. மூழ்கியதை மறுபடி மூழ்கடிப்பதா என்று தோன்றும். மேலே சொன்ன ஆக்சிஜன் கணக்கை நினைத்தால் காரணம் புரியும்.

இன்ஜின் பற்றி இன்னும் ஒன்று கேட்டாக வேண்டும். மூழ்கும்போது ஓடிக்கொண்டிருந்ததா, நின்றிருந்ததா? டீசல் இன்ஜின் காற்றைப் பதினேழில் ஒரு பங்காக அழுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு நகரும் சிலிண்டரில், அது உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 63 மில்லிலிட்டர்தான். ஒரு டீ கிளாஸ்கூட நிறையாது. காற்று அந்த இடத்துக்குள் சுருங்கும், நீர் சுருங்காது. அதைவிடக் கூடுதலாக நீர் உள்ளே போயிருந்தால், பிஸ்டன் முழு வேகத்தில் வந்து நீரில் முட்டி, கனெக்டிங் ராடு வளையும். சற்றே வளைந்த ராடோடும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகும், ஓடும், கொஞ்ச நாள் நன்றாகவே ஓடும். நடுக்கடலில்தான் அது முறியும். கட்டிப்போட்டிருந்த நிலையில் நின்ற இன்ஜினோடு மூழ்கிய படகு இந்த வகையில் பாக்கியசாலி.

சோதனை ஓட்டத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. துறைமுகத்துக்குள் அரை மணி நேரம் ஓட்டிக் காட்டுவது எந்த விற்பனையாளருக்கும் முடியும். பேரிங்கில் விழுந்த குழி தன்னைக் காட்ட நூறு மணி நேரமாவது வேண்டும்.

ஒயரிங்கில் யோசிக்க ஒன்றுமில்லை, மொத்தமாகப் பிடுங்கிவிட வேண்டும். செம்பு ஒயர் ஒரே கம்பி இல்லை, மெல்லிய இழைகளின் கட்டு. இழைகளுக்கு நடுவிலுள்ள சந்து உப்புநீரை உறிஞ்சி, மேலுறைக்குள்ளேயே வெகுதூரம் கொண்டு போய்விடும். முனையை வெட்டிப் புதிதாக முறுக்கினால் நல்ல ஒயர் போலவே தெரியும். ஓர் அடி தள்ளி உறையைச் சீவினால் செம்பு கறுத்திருக்கும். மின்தடை கூடும், சூடேறும், டீசல் வாடை நிறைந்த இன்ஜின் அறையில் அது தீ. பேட்டரி இணைப்போடு மூழ்கியிருந்தால் இன்னும் மோசம். உப்புநீரைப் பிரிக்கச் சுமார் 2 வோல்ட் போதும், பேட்டரியில் இருப்பதோ 12 அல்லது 24. மின்னோட்டம் கடல்நீர் வழியாகவே பாய்ந்து, நேர்முனைப் பக்கத்துச் செம்பையும் பித்தளையையும் கரைத்துவிடும், நச்சான குளோரின் வாயுவும் உண்டாகும். செல்ஃப் மோட்டார், டைனமோ, வயர்லெஸ் செட், ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் எல்லாவற்றுக்கும் கணக்கில் பூஜ்யம் போடுங்கள்.

அடுத்து உடல். ஃபைபர் படகா, மரப்படகா என்பதைப் பொறுத்து என் பதில் மாறுகிறது.

ஃபைபர் படகின் வெளிப்புறம் எப்போதும் நீரில் இருப்பதற்கென்றே செய்யப்பட்டது. ஜெல்கோட் பூச்சு வழியாக நீர் மெல்ல ஊறி, ரெசினில் சேராமல் நின்ற பொருட்களைக் கரைத்து, சவ்வூடு பரவலால் மேலும் நீரை இழுத்துக் கொப்புளம் எழுப்பும் என்பது உண்மைதான். அதற்கு வழக்கமாக ஆண்டுகள் பிடிக்கும். கடல்நீரைவிட நல்ல தண்ணீரில் இது வேகமாக நடக்கும் என்பது பலர் அறியாதது. உப்பில்லாத நீருக்கு உள்ளே போகும் உந்துதல் கூடுதல். எப்படியானாலும் நாலு நாள், பத்து நாள் மூழ்கியதால் கண்ணாடி இழையும் ரெசினும் கெடுவதில்லை.

கெடுவது அவற்றுக்குள் மறைந்திருப்பது. இன்ஜினைத் தாங்கும் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட் இருக்கும். இன்ஜின் மேடைக்குள் மரக்கட்டை. முன்பக்க அணியத்திலும் பின்பக்கத்திலும் மூடிய அறைகளுக்குள் மிதப்புக்காக அடைத்த ஃபோம். படகின் உட்புறத்துக்குப் பெரும்பாலும் ஜெல்கோட் பாதுகாப்பு இருப்பதில்லை. ஒவ்வொரு ஸ்குரூ துளையும் நீருக்கு ஒரு வாசல். மூழ்கியபோது நீர் இந்த அறைகளுக்குள் புகுந்திருந்தால் தானாக வெளியே வர வழியில்லை. காற்றும் ஈரமும் பாதிப்பாதியாகக் கலந்த அந்த இருட்டுதான் பூஞ்சை விரும்பும் இடம். ஃபோம் ஊறியிருந்தால் ஆபத்து வேறு வகையானது: படகு கவிழ்ந்தாலும் ஆட்களைத் தாங்கி மிதக்க வேண்டிய பகுதி, அன்றைக்குக் கீழே இழுக்கும் பாரமாக மாறியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சிறு சுத்தியலால் பின்பலகையை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்ற ஒலி ஓரிடத்தில் மந்தமானால் அங்கே உள்ளே பிரிந்திருக்கிறது அல்லது ஊறியிருக்கிறது. உரிமையாளர் அனுமதித்தால் பின்பலகையின் உள்பக்க அடியில் மெல்லிய துளை ஒன்று போடுங்கள். உலர்ந்த மரத்தூள் வந்தால் ரெசின் வைத்து அடைத்துவிடலாம். கருத்த சேறு வந்தாலோ நீர் கசிந்தாலோ பேச்சை முடித்துக்கொள்ளலாம். இன்னொரு நல்ல வழி எடைமேடை. லாரியில் ஏற்றிப் படகை எடை போட்டு, அதே அச்சில் வார்த்த இன்னொரு படகின் எடையோடு ஒப்பிட்டால், நூறு கிலோ கூடுதல் என்றால் நூறு லிட்டர் அளவுக்கு நீர் எங்கோ ஒளிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

மரப்படகுக்கு வாசாவின் நிம்மதி நம் கடலில் கிடையாது. கப்பல்புழு என்று சொன்னாலும் அது புழு இல்லை, சிப்பி இனம். அதன் குஞ்சு மரத்துக்குள் நுழையும் துளை ஊசித் துளை அளவே இருக்கும். உள்ளே போய் வளர வளர விரல் தடிமனில் சுரங்கம் வெட்டும். வெப்பக் கடலில் சில மாதங்கள் போதும். கொலம்பஸ் தன் நான்காவது பயணத்தில், 1503-ல், புழு அரித்துச் சல்லடையான கப்பல்களை ஜமைக்கா கரையில் ஏற்றிவிட்டுத் தவிக்க நேர்ந்தது இந்தச் சிப்பியால்தான். மிதக்கும் படகில் வெளிப்பலகைக்குப் பெயின்டும் எண்ணெயும் காவல். மூழ்கிய படகில் அந்தக் காவல் இல்லாத உட்புறம், வங்குகள் என்ற விலா மரங்கள், தளப்பலகையின் அடி எல்லாம் கடலுக்குத் திறந்து கிடக்கின்றன. எனவே புழுத்துளையைத் தேடுபவர்கள் வெளியே மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடக் கூடாது. மெல்லிய கம்பியை உள்பக்கப் பலகையில் குத்திப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் கடலுக்குள் கிடந்த மரப்படகை, என்ன விலை சொன்னாலும், வேண்டாம் என்பேன்.

மழைநீர் தனி எதிரி. உப்பு ஓரளவு பூஞ்சையைத் தடுக்கும். மழைநீர் அதைக் கழுவிவிட்டு மரத்தை அழுகலுக்குத் தயாராக்கும். எல்லை தாண்டியதாக இலங்கைக் கடற்படை பிடித்துவைத்த தமிழகப் படகுகளுக்கு நேர்ந்ததை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. மயிலிட்டியிலும் காரைநகரிலும் வழக்கு முடியும்வரை ஆண்டுக்கணக்கில் கட்டிக் கிடந்த அவற்றில் மழைநீர் இறைக்க ஆளில்லை. பல, கட்டிய இடத்திலேயே மூழ்கின. விடுவிக்கப்பட்ட படகுகளைப் பார்க்கப் போன உரிமையாளர்கள், மீட்க முடியாது என்று சிலவற்றை அங்கேயே விட்டுவந்தார்கள். 2022 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகள் இலங்கையில் ஏலம் விடப்பட்டன. ஒரு குடும்பத்தின் மொத்தச் சொத்து, நீர் இறைக்க ஒருவர் இல்லாததால் விறகாகிப் போனது.

தூக்கியபோது படகு பட்ட காயத்தையும் பார்க்க வேண்டும். 8 கன மீட்டர் நீர் நிறைந்த படகை அப்படியே மேலே இழுத்தால், படகின் எடையோடு 8 டன் கூடுதலாகத் தூக்கும் கயிறுகளில் தொங்குகிறது. எந்தப் படகும் உள்ளிருந்து வெளியே தள்ளும் அந்தப் பாரத்துக்குக் கட்டப்பட்டதில்லை. மேல்விளிம்பு நீர்மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, பம்ப் வைத்து இறைத்துவிட்டு, பிறகு தூக்குவதே முறை. புயலுக்குப் பிந்தைய அவசரத்தில் இது எப்போதும் நடப்பதில்லை. கயிறு பிடித்த இடங்களில், அடிக்கட்டையான ஏராவை ஒட்டி, வங்குகள் பலகையைத் தொடும் கோடுகளில் விரிசல் இருக்கும். அங்கே மட்டும் புது பெயின்ட் இருந்தால் சுரண்டிப் பார்க்கக் கேளுங்கள்.

சில விற்பனையாளர்கள் மூழ்கியதையே சொல்ல மாட்டார்கள். அதற்குப் பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்திலிருக்கும் ஒரு பாட்டில் உதவும்: சில்வர் நைட்ரேட். காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால், கடல்நீர் சாதாரணமாக எட்டாத ஓர் இடத்தைத் துடையுங்கள். மூடிய விளக்கின் உட்புறம், சீட்டுக்கு அடியிலுள்ள மின்பெட்டி, தோலுரித்த ஒயரின் இழைகள். அந்த நீரில் இரண்டு சொட்டு விட்டால், குளோரைடு இருந்தால் தயிர்போல வெண்மையாகத் திரியும். கடற்காற்றின் உப்பால் லேசான கலங்கல் எந்தப் படகிலும் வரலாம். கெட்டியாகத் திரிந்தால் அந்த இடம் கடலுக்குள் போய்வந்திருக்கிறது. சில்வர் நைட்ரேட் கையில் பட்டால் கருப்புக் கறை விழும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். விளக்குக் கண்ணாடிக்குப் பின்னாலும் போல்ட் தலைகளுக்கு அடியிலும் தங்கிய மெல்லிய வண்டலையும் தேடுங்கள். எவ்வளவு கழுவினாலும் அந்த மூலைகளுக்கு வெறும் கையும் பிரஷும் எட்டுவதில்லை.

சரி, என்ன விலை கொடுக்கலாம்? என் கணக்கு கடுமையானது. இன்ஜினையும் ஒயரிங்கையும் கழித்துவிட்டு, வெறும் உடலுக்கு அந்த ஊரில் என்ன விலையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். பின்பலகை மாற்ற, ஃபோம் மாற்ற ஆகும் கூலியை அதிலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் விலை. சில நாள் மட்டும் மூழ்கி எழுந்த ஃபைபர் உடலை அந்த விலைக்குத் தயங்காமல் வாங்கலாம், புது இன்ஜின் வைத்துப் பல ஆண்டுகள் ஓட்டலாம். தூக்கிய அன்றே வேலை செய்ததற்கு மெக்கானிக்கின் பில்லோ அவரது நேர்ப்பேச்சோ இருந்தால், இன்ஜினுக்கும் கொஞ்சம் விலை சேர்க்கலாம். ஏரியிலோ ஆற்றிலோ மூழ்கியதானால் இன்னும் தாராளமாக இருக்கலாம், சேறு வேறு தொல்லை என்றாலும் உப்பு இல்லை. இந்த இடத்தில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பணம் போடுபவர் பல நேரம் கரையில் நிற்கிறார். இன்ஜின் நின்று காற்றில் அடித்துச் செல்லப்படும் படகில் இருப்பவர்கள் பங்குக்கும் கூலிக்கும் போனவர்கள். விலைபேசும்போது அவர்களை யாரும் கலந்தாலோசிப்பதில்லை.

காகிதங்களை முன்பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். மீன்வளத்துறைப் பதிவு யார் பெயரில் இருக்கிறது, படகிலுள்ள எண்ணும் இன்ஜின் எண்ணும் பதிவோடு பொருந்துகின்றனவா, காப்பீட்டுத் தொகை வாங்கப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். புயல் நிவாரணம் வழங்கும்போது அரசு படகுகளை முழுச் சேதம், பகுதிச் சேதம் என்று பிரித்துக் கணக்கெடுக்கும். அந்தப் படகு எந்தப் பட்டியலில் இருந்தது என்பது உள்ளூர்ச் சங்கத்தாருக்கும் மீன்வளத்துறை அலுவலகத்துக்கும் தெரிந்திருக்கும். முழுச் சேதம் என்று நிவாரணம் பெற்ற படகு விற்பனைக்கு நிற்கிறது என்றால், அன்று நேரில் பார்த்து அப்படி எழுதிய காரணம் என்ன என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு சுத்தியலோடு போங்கள்.